மித்தி ஆறும் அதன் செடிகொடிகளும்
மும்பையின் மித்தி ஆறு, விகார் ஏரியும் பவாய் ஏரியும் நிரம்பி வழியும் நீரில் பிறக்கிறது. சாக்கிநாக்கா, விமான நிலையம், குர்லா, பாந்த்ரா-குர்லா வளாகம், தாராவி என்று ஏறக்குறைய 18 கிலோமீட்டர் ஓடி மாஹிமில் கடலைச் சேர்கிறது. ஆற்றில் முளைக்கும் செடி வெள்ளத்தைக் கூட்டுமா, குறைக்குமா என்ற கேள்விக்கு இந்த ஆறு இடத்துக்கு இடம் வேறு விடை தருகிறது.

1891-இல் கட்டி முடிந்த பவாய் ஏரியில் ஆகாயத்தாமரை ஆண்டுதோறும் மண்டுகிறது. காற்று நிரம்பிப் பருத்த காம்புகள் அதை மிதக்க வைக்கின்றன. நீருக்கடியில் கருநிற வேர்கள் இறகுபோலத் தொங்குகின்றன. திறந்த வாய்க்காலில் மேற்பரப்பை ஒட்டிய நீர்தான் வேகமாக ஓடும். படர்ந்த தாமரைப் பாய் அங்கே இன்னொரு தரையாகிவிடுகிறது. அகன்ற வாய்க்காலில் அந்தப் பாய் அடித்தரை அளவுக்கே சொரசொரப்பானது என்று கொண்டாலும், அதே ஆழத்தில் நீரின் வேகம் 63 சதவீதமாகக் குறையும். வேர்களின் இழுவையையும் சேர்த்தால் இன்னும் குறையும். ஏரியோடு நின்றால் தொல்லை சிறிது. மழையில் பாய் பிய்ந்து வந்து சிறுபாலத்தின் வாயில் அடைத்தால்தான் ஆபத்து.

இந்த இழுவையைக் கணக்கிட அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மானிங் 1889-இல் முன்வைத்த வாய்பாடு இன்றும் பயன்படுகிறது. அதில் வரும் சொரசொரப்பு எண் வழவழப்பான கான்கிரீட்டுக்குச் சுமார் 0.015, நீர்மட்டம்வரை புதர் அடர்ந்த, பராமரிப்பில்லாத மண் வாய்க்காலுக்குச் சுமார் 0.08. ஆழமும் சரிவும் மாறாதிருந்தால், புதர் வாய்க்காலில் நீரின் வேகம் கான்கிரீட் வாய்க்காலில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அதே அளவு நீர் ஓடியாக வேண்டுமென்றால் மட்டம் இரண்டரை மடங்குக்கு மேல் உயர வேண்டும். கரை அவ்வளவு உயரம் இல்லாத இடத்தில் மிச்ச நீர் குடிசைக்குள்தான் நுழையும்.

இந்தச் சொரசொரப்பு எண் நிலையானதும் அல்ல. கோரையும் புல்லும் ஆழம் குறைந்த ஓட்டத்தில் நிமிர்ந்து நின்று தடுக்கும். வெள்ளம் ஏறினால் படிந்து வழிவிடும். காட்டாமணக்கு போன்ற விறைத்த தண்டுகள் வளைவதில்லை. மித்தியில் அவற்றோடு பிளாஸ்டிக் பைகளும் துணிக்கந்தல்களும் சுற்றிக்கொள்கின்றன. எந்தப் பாடநூலின் அட்டவணையும் இதற்கு எண் தரவில்லை.

விமான நிலையத்தின் ஓடுபாதைக்கு அடியில் புகுந்து, திடீர்த் திருப்பங்களோடு குர்லாவுக்கு வரும் பகுதியில் ஆற்றுக்கு விரிய இடமே இல்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. ஆறு ஊருக்குள் புகுந்த அந்த நாளுக்குப் பிறகு இங்கே அகலமும் ஆழமும் கூட்டப்பட்டன, தடுப்புச் சுவர்கள் எழுந்தன. இத்தகைய நெருக்கடியில் புதரை வெட்டித் தூர்வாருவதே சரி. ஆனால் சுவர்களுக்கிடையில் விரைந்து வரும் நீர் கடலின் ஏற்றம் தணியும்வரை காத்துக் கிடக்க நேரும். அன்றும் பிற்பகலில் சுமார் 4.5 மீட்டர் ஏற்றம் இருந்தது.

பாந்த்ரா-குர்லா வளாகத்திலிருந்து ஆறு உப்பங்கழியாகிறது. இங்கே செடி என்றால் வெண்கண்டல். அதன் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து விரல்விரலாக மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். ஏற்றத்தில் நீர் அந்த வேர்க்காட்டுக்குள் பரவி, வேகம் தணிந்து, வண்டலை இறக்குகிறது. வற்றும்போது காட்டுக்குள்ளிருந்து தாமதமாக வடியும் நீர் நடு ஓடையில் குவிந்து, உள்ளே வந்த வேகத்தை மிஞ்சி வெளியேறுகிறது. ஓடையின் அடியை அதுவே அரித்து ஆழமாக வைத்திருக்கிறது. கண்டல் நிலத்தில் மண் கொட்டினால் உள்ளே வந்து போகும் நீரின் அளவு குறையும், ஓடை தூர்ந்துபோகும். பாந்த்ரா-குர்லா வளாகமே சதுப்பைத் தூர்த்து எழுந்ததுதான்.

தாராவியை ஒட்டிய மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா இதற்கு நேரெதிர். குப்பைமேடாக இருந்த நிலத்தில் மரம் நட்டு 1994-இல் திறக்கப்பட்டது. அதன் ஆற்றோரத்தில் கண்டல் நிற்கிறது. கண்டலும் அதைச் சுற்றி 50 மீட்டரும் காக்கப்பட வேண்டும் என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. பொதுநலத் திட்டத்துக்காகக் கண்டலை வெட்டுவதானாலும் அந்த நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.