உட்கார்ந்து பார்க்கிற வேலை

எடை குறைவதைச் சொல்லத் தமிழில் நல்லதாக ஒரு சொல் கிடைப்பது கஷ்டம். 'இளைச்சுட்டா' என்றால் மெலிந்தாள் என்றும் அர்த்தம், நொந்துபோனாள் என்றும் அர்த்தம். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினால் அதையும் 'மூச்சு இளைக்குது' என்றுதான் சொல்கிறோம். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று பழமொழியே இருக்கிறது. 'உடம்பு வச்சிருக்கா' என்பதோ பாராட்டு. போன வருடத்தைவிட இந்த வருடம் வாழ்க்கை நன்றாகப் போகிறது என்பதற்கு அதுவே சாட்சி. இந்த மொழி பேசுகிற வீட்டில் ஒரு பெண் எடையைக் குறைக்கப் புறப்பட்டால், தனக்கு நோயும் இல்லை, மனக்கவலையும் இல்லை என்று முதலில் எல்லாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்த விளக்கம் இன்னும் சிரமம். பாட்டிக்கு 81 வயது. சுங்கை பட்டாணியைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். விடியும் முன்னே பெரட்டுக்கு நிற்க வேண்டும். பிறகு இருட்டிலேயே நிரைக்குள் நுழைந்து, ஒரு நாளைக்கு 500 மரத்துக்குக் குறையாமல் வெட்டுவாராம். வெட்டி முடித்த பிறகு அதே நிரையில் மறுபடியும் நடந்து, மங்கில் இறங்கிய பாலை வாளியில் சேர்த்து, இரண்டு வாளிகளையும் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் வைத்து ஸ்டோருக்குத் தூக்கிப் போக வேண்டும். வழியில் சறுக்கி விழுந்தால் அன்றைய பால் மண்ணுக்கு.

அம்மா மரம் வெட்டப் போகவில்லை. பினாங்குப் பாலம் 1985இல் திறந்த பிறகு, தோட்டத்து வாசலுக்கே தொழிற்சாலை பஸ் வந்தது. அதில் ஏறிப் பாயான் லெப்பாஸுக்குப் போனவர்களில் அம்மாவும் ஒருவர். 12 மணி நேர ஷிப்ட். நின்றபடி வேலை. நான் ஒரு லாரி கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஏர்கோன், சுழல் நாற்காலி, மேசைமேல் இரண்டு திரை. பாட்டி நடந்தார், அம்மா நின்றார், நான் உட்கார்ந்திருக்கிறேன்.

தோட்டத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் என்றால் பாட்டிக்கு ஞாபகம் வருகிற ஒரே ஆள் கிராணி. விசிறிக்குக் கீழே மேசை போட்டு, பேர் எழுதி, பால் கணக்கு எழுதி, வெயில் படாமல் வீட்டுக்குப் போகிற மனிதர். அதனால் எங்கள் குடும்பத்தில் முன்னேற்றம் என்றால் அது நாற்காலிதான். 'நல்லா படி, உட்கார்ந்து பாக்குற வேலையா தேடிக்கோ' என்பதுதான் எனக்குக் கிடைத்த ஒரே வாழ்க்கை ஆலோசனை. எனக்கு வேலை கிடைத்த அன்று பாட்டி பக்கத்து வீட்டில் போய், "என் பேத்தி கிராணியாயிட்டா" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அப்படி வாங்கிக் கொடுத்த நாற்காலியிலிருந்து நான் எழுந்து, சப்பாத்து மாட்டிக்கொண்டு, "ஓடப் போறேன் பாட்டி" என்றால் அவர் என்ன சொல்வார்?

"ஏண்டி, உன்னை யாரு ஓடச் சொன்னா? நாங்க ஓடுனது பத்தலையா?"

வயசானவர் ஏதோ பேசுகிறார் என்று இதைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. உடற்பயிற்சிக்கு மனசு வருவதில்லை என்று புலம்புகிற நண்பர்களிடம் பேசும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் ஞாபகத்துக்கு வருகிறது. சோம்பேறித்தனம் என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோமே, அதற்குள் கொஞ்சம் வரலாறும் இருக்கிறது. நம் தோட்டப்புறக் கதைகளை நினைத்துப் பாருங்கள். உடம்புகள் வெட்டுகின்றன, சுமக்கின்றன, காய்ச்சலில் விழுகின்றன. தொப்பையைக் குறைக்க ஓடிய ஒரு பாத்திரம்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை. உடம்பை அசைப்பது என்றால் நமக்கு அது கூலி. கூலி வேலையிலிருந்து தப்பியவர் எதற்காகத் திரும்பவும் வேர்க்க வேண்டும்?

போன வருடம் என் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எச்பிஏ1சி 6.1. நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியில் 6.3 தொட்டால் நீரிழிவு. 5.7 முதல் 6.2 வரை அதற்கு முந்தைய நிலை. என் உயரம் 157 சென்டிமீட்டர், எடை அப்போது 78 கிலோ. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் பாதிப் பேருக்கு அதிக எடையோ உடற்பருமனோ இருக்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் மொத்தத்தில் 18.3 சதவீதம். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 சதவீதம். கிட்டத்தட்ட மூன்று பேரில் ஒருவர். எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். அந்த ஒருவர் அம்மா. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய இடது காலில் சுண்டுவிரலை எடுத்தார்கள்.

இதைவிடப் பெரிய காரணம் வேறென்ன வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். அம்மாவின் காலில் கட்டு மாற்றுவது என் வேலையாக இருந்தது. பயம் தினமும் கண்ணெதிரே இருந்தது. ஆனால் பயத்துக்கு ஒரு குணம் உண்டு. பயந்தவர் எழுந்து ஓடுவார் என்று நினைக்கிறோம், பெரும்பாலும் போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறார். ராத்திரி பத்து மணிக்குக் கட்டு மாற்றி முடித்தபின் எனக்கு ஒரு மிலோவும் நாலு பிஸ்கட்டும்தான் வேண்டியிருந்தது.

ஊர் கொடுத்த காரணங்கள் வேறு விதம். நான் நடக்கிறேன் என்று தெரிந்ததும் தாமானில் மூன்று அத்தைகள் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "மாப்பிள்ளை பாக்குறாங்களா?" ஆபீசில் ஒருத்தி தன் கல்யாணச் சேலைக்காக நான்கு மாதத்தில் எட்டுக் கிலோ குறைத்தாள். கல்யாணம் முடிந்தது, காரணமும் முடிந்தது. போட்டோவுக்காக, மாப்பிள்ளைக்காக, அத்தைகளின் வாய்க்காக என்றால் அதுவும் ஒரு மாதிரிக் கூலிதான். முதலாளி மட்டும் வேற.

உடற்பயிற்சி பற்றிய நவீன ஆராய்ச்சியே ஒரு நாற்காலியிலிருந்துதான் தொடங்குகிறது. ஜெரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லண்டன் மாடி பஸ்களில் வேலை செய்தவர்களை ஆராய்ந்து 1953இல் தன் முடிவுகளை வெளியிட்டார். நாளெல்லாம் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, டிக்கெட் கொடுக்க மேலும் கீழும் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. ஒரே பஸ், ஒரே தெரு, ஒரே புகை. ஒருவர் உட்கார்ந்திருந்தார், ஒருவர் அசைந்தார்.

அப்படியானால் 12 மணி நேரம் நின்று உழைத்த அம்மாவுக்கு எதுவும் வந்திருக்கக் கூடாதே? இதற்கும் ஒரு பதில் இருக்கிறது. பிற்காலத்தில் டென்மார்க்கிலும் மற்ற இடங்களிலும் நடந்த ஆய்வுகள் ஒரு முரணைக் காட்டின. ஓய்வு நேரத்தில் தானாக அசைகிற உடம்புக்குக் கிடைக்கிற நன்மை, வேலையிடத்தில் நாள் முழுக்க உழைக்கிற உடம்புக்கு அதே மாதிரி கிடைப்பதில்லை. ஆய்வாளர்கள் சொல்கிற காரணங்கள் எளிமையானவை. வேலை நீண்ட நேரம் இழுக்கிறது. நிற்பது, தூக்குவது என்று ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருகிறது. களைப்பு தீர நேரம் இல்லை. எப்போது நிறுத்தலாம் என்பது உழைக்கிறவர் கையில் இல்லை.

நான் அந்தக் கடைசிக் காரணத்தில்தான் நின்றேன். பாட்டியின் கேள்விக்குப் பதில் அங்கே இருப்பதாகப் பட்டது. அவர்கள் ஓடியது அவர்களுக்காக இல்லை.

தொடங்கியது என்னவோ சின்ன விஷயத்தில். அம்மாவின் புண் நன்றாக ஆறிய பிறகு, சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிஷம் மெதுவாக நடக்கலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்தார். அகலமான, மெத்தென்ற சப்பாத்து ஒன்று வாங்கினோம். ராத்திரி லோரோங்கில் தனியாக விட முடியாது, நாய்கள் இருக்கின்றன. அதனால் நானும் கூடப் போனேன். நடப்பது அம்மா, நான் துணை, அவ்வளவுதான். என்னை யாரும் நடக்கச் சொல்லவில்லை, நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு நாள் அம்மா சாப்பிட்டதும் நடக்காமல் நாடகம் பார்த்துவிட்டு, பிறகு விரலைக் குத்திப் பார்த்தார். 12.4. மறுநாள் அதே சோறு, அதே மீன் குழம்பு. சாப்பிட்டதும் நடந்துவிட்டு வந்து, அதே நேரத்தில் குத்தினார். 9.7. சாப்பிட்ட பிறகு தசைகள் அசைந்தால் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை அவை எடுத்துக்கொள்ளும் என்பது பாடப்புத்தக விஷயம். ஆனால் அம்மா அந்தச் சின்னத் திரையைப் பார்த்த பார்வை எந்தப் புத்தகத்திலும் இல்லை. "பாப்பா, இது நானே பண்ணுனது" என்றார். மாத்திரை பண்ணியது இல்லை, டாக்டர் பண்ணியது இல்லை. அதற்கப்புறம் நாடகம் ஓடிக்கொண்டிருந்தாலும் என்னை அவர்தான் எழுப்புகிறார்.

மனசு வந்த பிறகு நடக்கலாம் என்று காத்திருக்கிற நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். மனசு பின்னால்தான் வருகிறது. முதலில் கால் போகட்டும். கால் போவதற்கு இன்னொரு ஆள் இருந்தால் நல்லது. முக்கியமாக, நீங்கள் வராவிட்டால் வீட்டிலேயே உட்கார்ந்துவிடக்கூடிய ஆள். இலக்கும் கையில் அடங்குவதாக இருக்கட்டும். அமெரிக்காவில் நீரிழிவின் வாசலில் நின்ற மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. அவர்களில் ஒரு பிரிவினருக்குக் கொடுத்த இலக்கு, உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிஷம் அசைவதும்தான். அந்தப் பிரிவில் நீரிழிவு வந்தவர்கள், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட 58 சதவீதம் குறைவு. என் 78 கிலோவில் 7 சதவீதம் ஐந்தரைக் கிலோ. வாரத்துக்கு 150 நிமிஷம் என்றால் ஒரு நாளைக்கு 22 நிமிஷம். ஒரு தே தாரேக் ஆறுவதற்குள் பேசி முடிக்கிற வம்புக்கும் அவ்வளவு நேரம் ஆகும்.

ஆனால் நடை மட்டும் எடையைக் குறைத்துவிடாது, இதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு ரொட்டி சானாயில் 300 கலோரி அளவுக்கு இருக்கிறது. அரைமணி நடையில் அதில் பாதி செலவானாலே பெரிது. அதனால் மாமாக் கடையை நான் விடவில்லை, ரொட்டியை ஒன்றோடு நிறுத்தி, தேயைச் சீனி இல்லாமல் கேட்கப் பழகினேன். இரவில் சோறு பாதியாகி, காய்கறி இரண்டு மடங்கானது. நடை செய்த உதவி வேறு. ராத்திரி பத்து மணி மிலோ தன்னால் நின்றது. நடந்து வந்தால் தூக்கம்தான் வருகிறது.

மூன்று மாதத்தில் நடை லோரோங்கைத் தாண்டி வீட்டுக்கு எதிரே இருக்கும் பாடாங்குக்குப் போனது. அம்மா ஒரு சுற்று நடப்பதற்குள் நான் இரண்டு சுற்று ஓடுகிறேன். மெதுவாகத்தான். மேகம் இல்லாத சாயந்திரங்களில் தூரத்தில் ஜெராய் மலை தெரியும். பாட்டி முன்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் ஒவ்வொரு சுற்றாக வீட்டைக் கடக்கும்போது கொடியில் ஒரு துணிக் கிளிப்பை மாட்டுவார். "நாலுதான் ஆயிருக்கு. இன்னைக்கு உனக்கு அரைநாள் சம்பளந்தான்" என்று சத்தம் போடுவார். வாழ்நாள் முழுக்க மண்டோரும் கிராணியும் கணக்கெடுத்த பெண்மணி, இப்போது அவரே கணக்கெடுக்கிறார். அதில் அவருக்கு ஒரு தனி சந்தோஷம்.

ஒரு நாள் தராசில் நான் ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, "எங்களுக்குப் பால் எடை கூடுனாத்தான் காசு. உனக்கு என்னாடி, கொறைஞ்சா சிரிக்கிற?" என்றார். சிரித்துவிட்டு, "இந்த வேர்வையை யாரும் நிறுத்து வாங்க மாட்டாங்க பாட்டி, இது என்னோடது" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப நல்லா வேர்த்துட்டு வா" என்றார்.

ஒன்பது மாதத்தில் 78 கிலோ 73.6 ஆகியிருக்கிறது. அந்த ஐந்தரையில் இன்னும் ஒரு கிலோ பாக்கி. எச்பிஏ1சி 5.8. பெருமைப்பட்டுக்கொள்ளும்படியான எண் இல்லை, இன்னும் அதே எல்லைக்குள்தான் இருக்கிறேன். பக்கத்து வீட்டு அத்தை என்னைப் பார்த்து, "இளைச்சுட்டியேம்மா, என்னா ஆச்சு?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார். அம்மாவின் காலில் புதுப் புண் எதுவும் இல்லை. ராத்திரிதோறும் விரல் விரலாகப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் சப்பாத்து மாட்டுகிறார்.

இதை எழுதுகிறபோது மழை பெய்துகொண்டிருக்கிறது. அம்மா சாப்பிட்டு முடித்துவிட்டார், வாசலில் நின்று வானத்தைப் பார்க்கிறார். விட்டதும் போவோம்.