லாரி நாலு மணிக்கு

“அட்டையைக் கிழிச்சிராதீங்க அண்ணாச்சி” என்று பெரியவர் சொல்லி முடிப்பதற்குள் அட்டை கிழிந்துவிட்டது.

ராஜபாளையத்தில் ஒரு பழைய பேப்பர் கடை. சனிக்கிழமை காலை எட்டரை மணி. கடைக்காரர் சாக்கை விரித்து உட்கார்ந்து, புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து முதுகைப் பிளந்துகொண்டிருந்தார். கோபமெல்லாம் இல்லை, தொழில். அட்டைக்கு ஒரு விலை, வெள்ளைத் தாளுக்கு ஒரு விலை, செய்தித்தாளுக்கு ஒரு விலை. மூன்றும் கலந்து கிடந்தால் மட்ட விலைதான் கிடைக்கும். அதனால் கெட்டி அட்டைப் புத்தகம் வந்தால் முதல் வேலை அட்டையை உரிப்பது. உரிக்கிற வேகத்தில் முதல் தாளும் கூடவே வந்துவிடும். தலைப்பு, ஆசிரியர், அச்சுக்கூடம், வருஷம் எல்லாம் அட்டைக் குவியலுக்குப் போக, மிச்சம் பெயரில்லாத காகிதமாகத் தராசில் ஏறும்.

பெரியவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். முப்பது வருஷமாக இந்தக் கடைகளைச் சுற்றி வருகிறவர். தன் பெயரை எழுதக்கூடாது என்பது ஒன்றுதான் அவர் எனக்குப் போட்ட நிபந்தனை. பெயர் வெளியே தெரிந்தால் விலை ஏறிவிடுமாம். கடைக்காரர் காதுபடவே இதைச் சொன்னார். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே அடுத்த புத்தகத்தைப் பிளந்தார்.

மூட்டை அவிழ்ந்ததும் அவர் தலைப்புகளைப் படிப்பார் என்று எதிர்பார்த்தேன். படிக்கவில்லை. குவியலின் விளிம்பை மட்டும் பார்த்தார். தாளின் நிறம், தையல், கனம். கை நேராக ஒன்றின்மேல் போய் நின்றது. “சாருக்கு ராஜபாளையத்து நாய் மோப்பம்” என்றார் அண்ணாச்சி. பெரியவருக்கு வாத்தியார் புத்தி போகவில்லை. “ராஜபாளையம் நாய் மோப்பம் பிடிக்கிற ஜாதி இல்லை அண்ணாச்சி, கண்ணால பார்த்துத் துரத்துற ஜாதி” என்று திருத்தினார்.

கை நின்ற இடத்தில் இருந்தது நாற்பது பக்கம்கூட இல்லாத ஒரு சின்னப் புத்தகம். முருகன் பேரில் ஒரு பிள்ளைத்தமிழ். சற்றுமுன் அட்டை கிழிந்தது இதற்குத்தான். முதல் தாளும் போய்விட்டது. பாயிரத்தின் கீழே ‘விரோதி வருஷம் ஆவணி மாதம்’ என்று மட்டும் இருந்தது. தமிழ் வருஷத்தில் இது ஒரு தொல்லை. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். விரோதி என்றால் 1889-ஆகவும் இருக்கலாம், 1949-ஆகவும் இருக்கலாம்.

பெரியவர் அவசரப்படவில்லை. ‘லை’, ‘னை’ எழுத்துகளுக்குத் தலையில் துதிக்கை சுழித்திருந்தது. அது உதவாது, எழுத்துச் சீர்திருத்தம் வந்த 1978 வரை பெரும்பாலும் அப்படித்தான் அச்சடித்தார்கள். விலை அணாவில் இருந்தது. அதுவும் உதவாது, அணா 1957 வரை புழங்கியது. (விலையில் ‘ந.பை.’ என்றிருந்தால் நல்லது. நயா பைசா 1957 முதல் 1964 வரைதான்.) அடுத்து ஒரு தாளின் மூலையை விரலால் லேசாக மடக்கினார். வளைந்து கொடுத்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதை ஒட்டியும் காகிதத் தட்டுப்பாட்டில் வந்த மட்டத் தாளாக இருந்தால் அப்பளம் மாதிரி ஒடிந்திருக்கும். வயதில் மூத்த தாள் இளைய தாளைவிடத் திடமாக இருப்பது பழைய புத்தகக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி. எனக்கு அன்றுதான் தெரியும்.

கடைசிப் பக்கத்தில் ஊதா மையில் ஒரு முத்திரை. பாதி அழிந்திருந்தாலும் ‘திருநெல்வேலி ஜில்லா, ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா’ என்பதைப் படிக்க முடிந்தது. பெரியவர் முகம் மலர்ந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது 1910 வரைக்கும்தான். அந்த வருஷம் இராமநாதபுரம் ஜில்லா உண்டாகி, இந்தத் தாலுகா அதில் சேர்ந்தது. 1985-இல் மறுபடி பிரிந்து இன்றைய விருதுநகர் மாவட்டமாயிற்று. நடுவே கொஞ்ச காலம் காமராஜர் மாவட்டம் என்று பெயர். ஆக, முத்திரை 1910-க்கு முந்தியது என்றால் புத்தகம் 1889. இருநூறு ரூபாய்க்குப் பேரம் முடிந்தது. அட்டைக் குவியலைக் கிளறி, கிழிந்த முதல் தாளையும் எடுத்தோம். அச்சுக்கூடத்தின் பெயர் இருந்த கீழ்ப்பாதி மட்டும் கிடைக்கவே இல்லை.

இந்த வட்டாரத்தில் பழைய காகிதத்துக்கு எப்போதும் கிராக்கி உண்டு. சிவகாசி இங்கிருந்து ஒரு மணி நேரம். வெடிக்குக் குழாய் சுற்றக் காகிதம் வேண்டும். தீபாவளி மறுநாள் காலையில் தெருவைக் கூட்டுகிறவர்களுக்குத் தெரியும், சரவெடியின் துணுக்குகளில் பாடப் புத்தகமும் விடைத்தாளும் பஞ்சாங்கமும் துண்டு துண்டாகக் கிடக்கும். சின்ன வயதில் நான் அவற்றைப் பொறுக்கிப் படித்திருக்கிறேன். ஒரு வாக்கியமும் முடிந்ததில்லை. என் வீட்டிலும் இது நடந்ததுதான். கல்லூரி விடுதியில் நான் இருந்தபோது, பரணில் கட்டி வைத்திருந்த சிறுபத்திரிகைகளை அம்மா எடைக்குப் போட்டு ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கிவிட்டார். குடம் பல வருஷம் உழைத்தது. அதைக் குறை சொல்ல முடியவில்லை.

“காகிதத்துக்கு வெடி, ஏட்டுக்கு ஹோமம்” என்றார் பெரியவர், டீக்கடையில். அவர் சொன்னது கரிவலம்வந்தநல்லூர்க் கதை. ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் இருக்கிறது அந்த ஊர். பாண்டிய வம்சத்து அரசர் ஒருவரின் ஏட்டுச் சுவடிகள் அங்குள்ள கோயிலுக்குச் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டு உ.வே. சாமிநாதையர் தேடிப் போனார். போய்க் கேட்டால், பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது என்று ஆகமம் சொல்வதாகக் கூறி, நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டார்களாம். அவரே எழுதி வைத்திருக்கிறார். இட்டவர்கள் அதை மரியாதை என்று நினைத்துத்தான் இட்டார்கள். ஏடு தேடி ஊர் ஊராகப் போய் சிந்தாமணியை 1887-இலும் பத்துப்பாட்டை 1889-இலும் பதிப்பித்தவர் அவர். அந்த இரண்டாவது வருஷமும் விரோதிதான் என்று பெரியவர் தன் பையைத் தட்டிக் காட்டினார்.

அச்சு வந்த பிறகு, ஆசிரியரின் கையெழுத்துப் பிரதிக்கும் ஏறக்குறைய இதே கதி. கம்போசிங் காலத்தில் பிரதி முழுசாக ஒருவர் கையில் இருக்காது. நாலு பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். எவர் எங்கே தொடங்கினார் என்பதற்கு ஓரத்தில் பென்சில் குறி விழும். ஈயத் தூசும் மையும் படிந்த விரல்கள் புரட்டிப் புரட்டி, புரூஃப் பார்த்து முடிந்ததும் அது மை துடைக்கும் காகிதம். புத்தகம் வந்தாயிற்று, எழுதினது எதற்கு? தமிழ் எழுத்தாளர்களின் கையெழுத்துப் பிரதிகள் குறைவாகவே கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பெரியவரிடம் இருக்கும் ஒரே நாடகக் கையெழுத்துப் பிரதியை வேறொரு நாள் காட்டினார். மூன்றாம் காட்சி முழுக்கக் கட்டைவிரல் ரேகைகள். ஆசிரியர் யாரென்று தெரியாது. அச்சுக்கோத்தவரின் ரேகை இருக்கிறது.

புத்தகத்தைத் தைக்கக் கொடுக்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புறப்பட்டோம். பஸ்ஸில் பதினோரு கிலோமீட்டர். போகிற வழியில் பேச்சு ஆமுக்தமால்யதாவுக்குப் போயிற்று. கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய காவியம். கதை நடக்கிற ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர், நாயகி ஆண்டாள். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் ராஜபாளையத்து மு.கு. ஜகந்நாத ராஜா (1933–2008). பாலி, பிராகிருதம் வரைக்கும் பல மொழிகளிலிருந்து தமிழாக்கியவர். ராஜபாளையத்து ராஜு சமூகத்தார் வீட்டில் பேசுவது தெலுங்கு. எழுதப் படிக்கத் தமிழ். அதனால் தெலுங்கு எழுத்தில் ஒரு புத்தகம் மூட்டையில் வந்தால் கடைக்காரருக்கு அது வெறும் எடை. பெரியவர் கணக்கில், எவருக்கும் படிக்கத் தெரியாத புத்தகத்தைத்தான் முதலில் ஒதுக்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, பெனிங்டன் நூலகத்தில் சிறிது நேரம் உட்கார்ந்தோம். 1875-இல் தொடங்கியது; அப்போது திருநெல்வேலிக் கலெக்டராக இருந்த பெனிங்டன் பெயரைத் தாங்கி நிற்கிறது. காலைப் பத்திரிகைகளுக்கு வயதானவர்கள் நிறைய. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் இருந்தார்கள். நம்முடைய பிள்ளைத்தமிழ் அச்சான போது இந்த நூலகத்துக்கு வயது பதினான்கு. பெரியவர் நூலகங்களை மதிக்கிறார். சேகரிப்பாளர்களை அவ்வளவாக மதிப்பதில்லை. பூட்டி வைத்துக்கொண்டு எவருக்கும் காட்டாதவர்களைப் பற்றி அவர் சொன்ன வார்த்தையை அச்சில் போட முடியாது. அவருக்கு ஆதர்சம் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்து, சுமார் ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் சேர்த்தவர். அவர் 1992-இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக்கியது. கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று சில்லறைக் காகிதத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆய்வாளர்கள் இன்று அவற்றையும் தேடிப் போகிறார்கள்.

“இப்பத்தான் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிட்டாங்களே?” என்று கேட்டுவைத்தேன். ஊதா முத்திரை இருந்த பக்கத்தை என் முன்னால் விரித்து வைத்தார். வேறொரு பிரதியை எங்காவது ஸ்கேன் செய்திருக்கலாம். அதில் இந்த முத்திரை இருக்காது என்பது எனக்கே உறைத்தது.

பைண்டர் பாயின் கடை ஒரு சந்துக்குள், ஆறடிக்கு எட்டடி. புத்தகத்தைக் கையில் வாங்கியதும் அவர் செய்த முதல் காரியம் முகம் சுளித்தது. எந்தக் காலத்திலோ யாரோ நாலு பக்கத்துக்கு செலோடேப் ஒட்டியிருந்தார்கள். டேப் உதிர்ந்து, பசை மட்டும் தேன் நிறத்தில் தாளுக்குள் இறங்கியிருந்தது. “இது கறை இல்லை சார், தீக்காயம்” என்றார்.

ஃபாரம் ஃபாரமாகப் பிரித்தார். பழைய நூலை இழுக்கவில்லை. ஒவ்வொரு தையலையும் பிளேடு நுனியால் அறுத்தார். முதுகில் இறுகியிருந்த பழைய பசைமேல் ஈரத் துணியைப் போட்டு, இளகும் வரை காத்திருந்து, எலும்புக் கத்தியால் வழித்தார். பசைச் சட்டியில் மைதா பொங்கிக்கொண்டிருந்தது. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போடுவது பைண்டர்களின் வழக்கம். பெரியவர் வேண்டாம் என்றார்; துத்தம் நாள்பட்டால் தாளையே கெடுக்கும். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. “துத்தம் இல்லைன்னா கரப்பான் தின்னும், துத்தம் போட்டா தாள் கெடும். எது முன்னாடி வரும்னு நீங்களே சொல்லுங்க.” கடைசியில் துத்தம் இல்லாத பசையைத் தனியாக ஒரு கிண்ணத்தில் காய்ச்சினார். எனக்கென்னவோ இரண்டு பேர் சொன்னதும் சரியென்றே பட்டது.

தையல் முடிந்ததும் முதுகுக்குத் துணி. பாய் எடுத்தது காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் தறி தறியாக ஓடுவது இதுதான். இழை தள்ளித் தள்ளி இருப்பதால் பசை நன்றாக ஊடுருவிப் பிடிக்கும். முதுகு வளைந்தாலும் விட்டுக்கொடுக்கும். மீட்டர் கணக்கில் மலிவாகவும் கிடைக்கிறது.

“ஓரம் வெட்டவா?” என்றார் பாய். கட்டிங் மெஷினில் ஒரு தட்டுத் தட்டினால் மூன்று பக்கமும் சமமாகி, புத்தகம் புதுசு மாதிரி ஆகிவிடும். வாடிக்கையாளர்கள் அதைத்தான் கேட்பார்கள். பெரியவர் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்தார். ஓரத்தில் பென்சிலால், தமிழ் எண்களில், யாரோ தாளக் கணக்குப் போட்டிருந்தார்கள். பாட்டை எவரோ பாடியிருக்கிறார்கள். வெட்டினால் அந்தக் கணக்கில் பாதி போய்விடும். பாய் மெஷின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் அட்டையை எடுத்தார்.

பசை காய இரண்டு நாள் பலகைக்கு அடியில் இருக்க வேண்டும். திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லி வெளியே வந்து, பால்கோவா கால் கிலோ வாங்கி, கோயில் மதில் நிழலில் நின்று பிரித்தோம். முதல் விள்ளல் பெரியவர் வாய்க்குப் போவதற்குள் போன் அடித்தது. அண்ணாச்சி. ஏதோ ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்களாம். பரணிலிருந்து ரெண்டு மூட்டை வந்திருக்கிறதாம். எழுத்து சின்னச் சின்னதாக இருக்கிறது, தமிழ் மாதிரி இல்லை. சார் வந்து பார்ப்பதானால் பார்க்கலாம். லாரி நாலு மணிக்கு.

மணி மூணு பதினெட்டு. பால்கோவாவை மடித்து என் பைக்குள் திணித்துவிட்டு அவர் முன்னால் நடந்தார். அறுபத்தெட்டு வயது, என்னால் கூடப் போக முடியவில்லை. ராஜபாளையம் பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் சீட்டில் துண்டு மட்டும் கிடந்தது. கண்டக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“எப்ப எடுப்பீங்க?”

“டைம் இருக்கு சார். மூணரைக்குத்தான்.”

பெரியவர் ஏறி, படிக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்து நின்றுகொண்டார்.