பின் சில்லும் பிள்ளையின் ஆசையும்



"மோட்டார் சைக்கிள் டயரைப் பற்றி எழுத இவளுக்கு என்ன வந்தது?" என்று தலைப்பைப் பார்த்ததும் நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் தையல் மெஷினை மிதித்துப் பிள்ளைகளை வளர்த்தவள். பைக் ஓட்டத் தெரியாது. ஆனாலும் நம்மில் எத்தனையோ பேருடைய வீட்டு வாசலில் ஒரு பைக் நிற்கிறது. அதை ஓட்டுவது நம்முடைய மகன் அல்லது தம்பி. பின்னால் உட்கார்ந்து போவது நாம். அதற்குக் காசு கொடுப்பதும் பல வீடுகளில் நாம்தான். அப்படியிருக்க, "அது ஆம்பிளைகள்ட விஷயம்" என்று ஒதுங்கியிருந்ததால் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் ஊர் மாவனல்லை. மூத்த மகனுக்குக் கண்டியில் வேலை. கடுகண்ணாவ ஏற்றத்தின் வளைவுகளில் தினமும் ஏறி இறங்க வேண்டும். 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய பைக்குகளின் விலை எப்படி ஏறியது என்று உங்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும் 2023இல் அவன் ஒரு யமஹா ஆர் 15 வாங்கினான். முதலில் வந்த வகை. கத்தாரில் இருக்கும் அவனுடைய வாப்பா பாதி அனுப்பினார். மீதி என்னுடைய சீட்டுக் காசு.

மூன்று மாதம் போகவில்லை, ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது பேச்சைத் தொடங்கினான். "உம்மா, பின் டயர் தேஞ்சிட்டு. மாத்தோணும். இந்த முறை கொஞ்சம் அகலமா போடப் போறேன்."

"ஏன் மகன், இருந்த அளவே போதாதா?"

"ஒங்களுக்கு இது வெளங்காது உம்மா. சின்ன டயர் சைக்கிள் மாதிரி இருக்கு. கூட்டாளிட பைக்ல பெருசு, அழகா இருக்கு. அகலம் கூடினா ரோட்டையும் நல்லாப் பிடிக்கும்."

ரோட்டைப் பிடிக்கும் என்ற சொல்லில் நான் விழுந்துவிட்டேன். மழைக் காலத்தில் அந்த வளைவுகளை நினைத்தால் எந்தத் தாய்க்குத்தான் வயிறு கலங்காது? பெருநாள் தையலில் சேர்ந்த காசை எண்ணிக் கொடுத்தேன். மறுநாள் டவுன் கடையொன்றில் புது டயரைப் போட்டுக்கொண்டு வந்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. டயர் செயின் கவரில் உரசியது என்று கவரைக் கழற்றிவிட்டார்களாம். அதோடு, சேலை சில்லில் மாட்டாமல் இருக்கப் பக்கவாட்டில் பூட்டியிருக்கும் கம்பித் தடுப்பும் போயிருந்தது. "அது பைக்ட அழகையே கெடுக்குது உம்மா" என்றான்.

பத்து நாள் கழித்து, துணியும் லைனிங்கும் வாங்க அவனுடன் கண்டிக்குப் போனேன். திரும்பும்போது தூறல். கடுகண்ணாவையில் இறங்கும் வளைவுகளில் பைக் திரும்ப மறுப்பதுபோல் முதலில் அடம்பிடித்து, பிறகு ஒரேயடியாகச் சரிந்தது. மகனின் தோள் இறுகுவதை என் கையால் உணர்ந்தேன். நல்ல வேளையாக முன்னால் ஒரு பஸ் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. நாங்களும் ஊர்ந்துதான் போனோம். துணிப்பையைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்த என்னை யாரோ கீழே இழுப்பது போலிருந்தது. "மகன், நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன்.

அபாயாவின் ஓரம் சில்லுக்குள் போயிருந்தது. ஒரு முழத் துணி செயினின் எண்ணெய் படிந்து சுருண்டு கிடந்தது. பிள்ளை மழையில் முழந்தாளிட்டு, கைநடுங்க அதைக் கத்தரித்து எடுத்தான். வேகமாக வந்திருந்தால் இந்தக் கடிதத்தை உங்களுக்கு எழுத நான் இருந்திருப்பேனோ என்னவோ. அல்ஹம்துலில்லாஹ்.

அன்றிரவு அவன் சாப்பிடவில்லை. நானும் ஏசவில்லை. ஏசினால் வாய் மூடும், காரியம் நடக்காது. விடிந்ததும், "வாங்க, பாஸிடம் போவோம்" என்று கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் வீதி முனையில் கராஜ் வைத்திருக்கும் வயதான சிங்கள பாஸ் அவர். நாற்பது வருடம் சில்லுகளோடு பழகியவர். அவர் சிங்களத்தில் சொன்னதை என் தையல் பாஷையில் உங்களுக்குச் சொல்கிறேன்.

டயரின் பக்கத்தில் ஓர் அளவு பொறித்திருக்கும். எங்கள் பைக்குக்குக் கம்பனி கொடுத்த பின் டயர் 100/80-17. முதல் எண் அகலம், 100 மில்லிமீற்றர். இரண்டாவது எண்ணை நாமெல்லாம் உயரம் என்று நினைப்போம். அல்ல. அது அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு உயரம் என்பது. 100இல் 80 பங்கு என்றால் 80 மில்லிமீற்றர். கடைசி எண் ரிம்மின் விட்டம், 17 அங்குலம்.

மகன் போட்டது 130/70-17. எண் 70தானே, இது உயரம் குறைந்த டயர் என்று அவனே நினைத்திருந்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 130இல் 70 பங்கு 91 மில்லிமீற்றர். ஆக டயர் அகலத்தில் மட்டுமல்ல, உயரத்திலும் 11 மில்லிமீற்றர் கூடிவிட்டது. முழுச் சில்லின் விட்டம் 592இலிருந்து 614 ஆகிறது. பைக்கின் பின்பக்கம் 11 மில்லிமீற்றர் எழும்புகிறது, முன்பக்கம் அந்தளவு குனிந்து ஹேண்டிலின் சரிவு மாறுகிறது. சில்லு ஒரு தடவை சுற்றினால் முன்பு 186 சென்ரிமீற்றர் ஓடிய பைக் இப்போது 193 ஓட வேண்டும். "ஏத்தத்தில இழுக்குதில்ல உம்மா" என்று அவன் இரண்டு நாள் முன் சொன்னதன் காரணம் இதுதான். இன்ஜின் மாறவில்லை, சுமக்கும் சில்லுதான் பெரிதாகிவிட்டது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். டயருக்கு ஏற்ற ரிம் வேண்டும். 130/70 டயரை மூன்று முதல் நான்கு அங்குல அகலமுள்ள ரிம்முக்கென்றுதான் செய்கிறார்கள். எங்கள் ரிம்மின் அகலம் இரண்டரை அங்குலம்கூட இல்லை. பெரிய சுற்றளவுள்ள கையைச் சிறிய கைக்குழியில் வைத்துத் தைத்தால் என்ன ஆகும், சகோதரிகளே? சுருக்கம் விழுந்து தோள் மேடு மேலே புடைத்து நிற்கும். டயரும் அப்படியே. இரண்டு ஓரமும் உள்ளே இழுபட, நடுப்பகுதி முட்டையின் கூர்போல் எழும்புகிறது. நேராக ஓடும்போது நடுவிலுள்ள ஒரு கோடுதான் தார் ரோட்டைத் தொடுகிறது. அகலத்துக்குக் காசு கொடுத்தோம், ரோட்டில் படும் இடமோ கூடவில்லை. வளைவில் சாய்க்கும்போது அந்தக் கூர் முனையிலிருந்து பக்கத்துக்குச் சட்டென்று விழுகிறது. தாங்குவதற்கு ரிம் இல்லாத பக்கச் சுவர் நெளிகிறது. அந்த இறக்கத்தில் நான் உணர்ந்தது அதைத்தான்.

"கூட்டாளிட பைக்கும் ஆர் 15 தானே, அதில மட்டும் எப்படி?" என்று மகன் கேட்டான். பாஸ் சிரித்தார். கூட்டாளியுடையது 2011இல் வந்த இரண்டாம் வகை. அதற்குக் கம்பனியே 130/70 டயர் கொடுத்தது. ஆனால் அதற்கு ஏற்ற அகலமான ரிம்மும், பின் சில்லைத் தாங்கும் வேறு சட்டமும் சேர்த்தே கொடுத்தது. பெயர் ஒன்று, உடம்பு வேறு. அக்காவின் அளவுக்குத் தைத்த சட்டையைத் தங்கை போட்டால் பெயர் ஒன்றாக இருந்து என்ன பயன்?

இந்த மயக்கம் சின்ன பைக்குகளோடு நிற்பதில்லையாம். கணவரிடம் போனில் சொன்னபோது, தன்னோடு வேலை செய்யும் ஒருவர் அங்கே பெரிய ஸ்போர்ட்ஸ் பைக் வைத்திருப்பதாகவும், அவரிடம் கேட்பதாகவும் சொன்னார். அவரும் இதையேதான் சொன்னாராம். அந்த பைக்குகளில் ஐந்தரை அங்குல ரிம்முக்கு 180/55, ஆறு அங்குல ரிம்முக்கு 190 என்பது கணக்கு. அழகுக்காக ஐந்தரை அங்குல ரிம்மில் 190ஐத் திணிப்பவர்கள் அங்கேயும் உண்டு. அதில் இன்னொரு வேடிக்கை. 190/50 டயரின் பக்க உயரம் 95 மில்லிமீற்றர், 180/55 டயரின் உயரம் 99. பெரிய எண்ணுள்ள டயர் குள்ளம், சின்ன எண்ணுள்ளது உயரம்! எண்ணைப் பார்த்து மயங்கினால் இப்படித்தான் ஏமாறுவோம்.

கழற்றிய டயரைக் கடை திரும்ப எடுக்கவில்லை. பத்து நாள் ஓடிவிட்டதல்லவா? கேட்ட அளவைக் கொடுத்தார்களே தவிர, "இது உங்கள் ரிம்முக்குச் சரிவராது" என்று ஒரு வார்த்தை சொல்ல அங்கே யாரும் இருக்கவில்லை. கூட்டாளிக்குப் பாதி விலைக்கு விற்றோம். அவனுடைய ரிம்முக்கு அது சரியான அளவுதானே. மீதியை இரண்டு பள்ளிச் சீருடைத் தையலில் ஈடுகட்டினேன். 100/80-17 புது டயர் வந்தது, செயின் கவரும் கம்பித் தடுப்பும் தத்தம் இடத்துக்குத் திரும்பின.

உங்கள் வீட்டில் டயர் மாற்றும் பேச்சு வந்தால் பார்க்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, அளவு. பைக்கின் கைநூலில் அது இருக்கும். பழைய டயரை மட்டும் நம்ப வேண்டாம். வாங்கிய பைக் பழையதென்றால், முன்பு வைத்திருந்தவர் மாற்றியிருக்கலாம்.

இரண்டாவது, அளவுக்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். எண் எடை தாங்கும் அளவு. 52 என்றால் 200 கிலோ. எழுத்து வேகம். பி என்றால் மணிக்கு 150 கிலோமீற்றர், எஸ் என்றால் 180. கம்பனி சொன்னதிலும் குறைந்ததை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். பின் சில்லுதான் உங்களையும் மடியிலுள்ள பிள்ளையையும் மார்க்கெட் பையையும் சேர்த்துச் சுமக்கிறது.

மூன்றாவது, பிறந்த திகதி. நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். கடையில் கிடந்தே கிழமான டயரும் உண்டு. றப்பர் ஓடாமல் இருந்தாலும் காலப்போக்கில் இறுகிவிடும். இறுகிய றப்பர் ஈர ரோட்டைப் பிடிக்காது.

நான்காவது, சுற்றும் பக்கத்தைக் காட்டும் அம்புக்குறி. அது இருந்தால் பைக் முன்னே போகும் திசையில் சில்லு சுற்றும்படி பூட்டியிருக்க வேண்டும். அவசரத்தில் மாற்றிப் பூட்டுவதும் நடக்கிறது.

ஐந்தாவது, காற்று. தனியாகப் போக ஓர் அளவு, பின்னால் ஆள் இருந்தால் வேறோர் அளவு. பைக் ஓடிச் சூடாகுமுன் பார்க்க வேண்டும். சரியான அளவு டயரும் காற்றுக் குறைந்தால் பிழையான டயர்தான்.

கடைசியாக, கம்பித் தடுப்பு. சேலையோ அபாயாவோ உடுத்தி ஏறும் வீட்டில் அதைக் கழற்ற யாரையும் விடாதீர்கள். அழகு கெடுகிறதென்று பிள்ளை சொன்னால், என்னுடைய கிழிந்த அபாயாவின் கதையைச் சொல்லுங்கள்.

அந்த அபாயாவை நான் வீசவில்லை. ஓரத்தை வெட்டி, ஒரு முழம் கட்டையாக்கி, மகளுக்குத் தைத்துக் கொடுத்தேன். வெட்டி எடுத்த எண்ணெய்த் துண்டு மட்டும் மெஷின் மேசையின் லாச்சியில் கிடக்கிறது. போன மாதம் இளைய மகன், "உம்மா, நானாட பைக்குக்குப் பெரிய..." என்று ஏதோ தொடங்கினான். நான் பதில் சொல்வதற்குள் மூத்தவன் எழுந்து போய் லாச்சியைத் திறந்து, அந்தத் துண்டை அவன் கையில் வைத்தான். பிறகு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, "வாங்க தம்பி, வெளிய போய் ரிம்மப் பாப்போம்" என்று கூட்டிக்கொண்டு போனான்.

பிள்ளைகளின் ஆசை பிழையல்ல, சகோதரிகளே. அதற்கு அளவு பார்க்கத்தான் நாம் இருக்கிறோம். நாளைக்கு வாசலைக் கூட்டும்போது, அங்கே நிற்கும் பைக்கின் பின் சில்லை ஒரு தடவை குனிந்து பாருங்கள்.