சாளையும் குருவியும்

சென்ற விடுமுறையில் சிசிலித் தீவின் பலெர்மோ நகருக்குப் போயிருந்தேன். 12ஆம் நூற்றாண்டிலே நோர்மானிய மன்னன் இரண்டாம் ரொஜர் கட்டுவித்த அரண்மனைத் தேவாலயத்தை முதலிற் கண்டேன். சுவரெங்கும் பைசாந்திய மரபின் பொன்மணிக்கல் ஓவியங்கள். மரக்கூரையிலோ அரபு எழுத்துக்கள். மன்னன் பெயர் நிலைத்துவிட்டது. கூரையைச் செதுக்கிய இசுலாமியக் கலைஞரின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

பின்னர் பல்லாரோச் சந்தைக்கு நடந்தேன். அங்கே ஒரு மீன்கறி பேர்போனது. முற்காலத்துப் பிரபுக்கள் அத்திப்பழம் தின்று கொழுத்த சிறு குருவிகளை உண்டார்களாம். அதற்கு வழியற்ற ஏழைகள் சாளை மீனைப் பிளந்து, பாண்தூளும் முந்திரிகை வற்றலும் வைத்துச் சுருட்டி, வாலைக் குருவிவால்போல் நிமிர்த்தி, அக்குருவியின் பெயரையே அதற்கு இட்டனர். இன்று நகரின் பெருமை அந்த ஏழையின் மீனே.

அதை உண்டுகொண்டிருந்தபோது, "தம்பி, ஊரிலை எவடம்?" என்றொரு குரல். 1980களில் அங்கு வந்து, வீட்டுவேலை செய்து பிள்ளைகளைப் படிப்பித்த யாழ்ப்பாணத்து அம்மா. "நான் வேலை செய்யிற வீட்டிலை இந்த மீனை நான்தான் சமைக்கிறனான்" என்றார்.

தலைகுனிந்தேன். அவ்வளவு நேரமும் கூரையைச் செய்தவர் பெயருக்காக வருந்திய நான், மீனைச் சமைப்பவரின் பெயரை இன்னும் கேட்கவில்லை. கேட்டேன்.