எழுதாமல் விட்ட பாலிசி

ரவுட்டர் மென்பொருளை அப்கிரேட் செய்து முடித்தாயிற்று. பிஜிபி அமர்வு 'எஸ்டாப்ளிஷ்ட்' என்றே காட்டுகிறது, கீப்அலைவ் செய்திகள் தவறாமல் போய்வருகின்றன, ஆனால் ரூட் ஒன்றுகூட வந்து சேரவில்லை. சந்தேகம் கேபிள் மீதும் ஃபயர்வால் மீதும் எதிர்முனைக்காரர் மீதும் போகிறது. எஃப்ஆர்ரூட்டிங் (எஃப்ஆர்ஆர்) மென்பொருளின் 7.4ஆம் பதிப்பு 2020இல் வந்தபோது இப்படித் திகைக்க நேர்ந்தவர்களுக்கு, விடை 'ஷோ பிஜிபி சம்மரி' கட்டளையிலேயே இருந்தது. வந்த ரூட்களின் எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் 'பாலிசி' என்ற சொல் நிற்கும். வெளி நெட்வொர்க்குடனான ஈபிஜிபி அமர்வுக்குப் பாலிசி எழுதாவிட்டால் எதையும் ஏற்கவும் கூடாது, அறிவிக்கவும் கூடாது என்பது 2017இல் வெளியான ஆர்எஃப்சி 8212 வகுத்த நெறி. 7.4 அதைத் தன் டிஃபால்ட் ஆக்கிக்கொண்டது. நாம் எதுவும் சொல்லாமல் விட்டதைப் பழைய பதிப்பு 'எல்லாம் போகட்டும்' என்று எடுத்துக்கொண்டது. புதியது 'எதுவும் போக வேண்டாம்' என்று எடுத்துக்கொள்கிறது. இதைப் பழுது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறை முன்பே நம் கான்ஃபிகில் இருந்தது, இப்போது கண்ணில் படுகிறது.

ஓடிக்கொண்டிருந்த நெட்வொர்க்கை ஒரு டிஃபால்ட் நிறுத்தலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அந்தக் கவலை மென்பொருளை எழுதியவர்களுக்கும் இருந்திருக்கிறது. கான்ஃபிக் கோப்பின் தலைப்பில் உள்ள 'எஃப்ஆர்ஆர் வெர்ஷன்' வரி 7.4க்கு முந்தைய பதிப்பைக் குறித்தால் பழைய நடத்தையே தொடரும். 'டேட்டாசென்டர்' புரொஃபைலில் இந்தக் கட்டாயமே கிடையாது. கோப்பை டெம்ப்ளேட்டிலிருந்து புதிதாக உருவாக்கும் இடங்களில் அந்த வெர்ஷன் வரி விடுபட்டுப்போனால்தான் வம்பு. ஒரே நாளில் அப்கிரேட் ஆன இரண்டு ரவுட்டர்கள் இரண்டு விதமாக நடந்துகொள்வதற்கு இது போதும். பழைய தாராளத்துக்கு உலகம் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். 2015 ஜூனில் டெலிகாம் மலேசியா, தான் அறிவிக்கக் கூடாத லட்சத்துக்கும் மேற்பட்ட ரூட்களை லெவல் 3 என்ற நெட்வொர்க்குக்கு அனுப்பியது, அதுவும் ஏற்றுக்கொண்டது. பல நாடுகளில் இணையம் தடுமாறியது. இரண்டு அப்ஸ்ட்ரீம் வைத்திருக்கும் சிறிய நிறுவனமும், வெளியே போகும் பக்கம் பாலிசி இல்லாமல் இருந்தால், ஒருவரிடம் கற்றதை மற்றவரிடம் சொல்லி இதே வேலையைச் செய்துவிடும்.

'எல்லாம் அனுமதி' என்று ஒரு ரூட்-மேப் எழுதிவிட்டால் பழைய நிலைதானே என்பது இதைவிடக் கனமான மறுப்பு. வரும் பக்கத்துக்கு, நம்பகமான அப்ஸ்ட்ரீம் என்றால், தற்காலிகமாக அதைப் பொறுத்துக்கொள்ளலாம். போகும் பக்கத்துக்குக் கூடவே கூடாது. அது இத்தகைய ரூட் லீக்குக்கு நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. இந்தக் கட்டாயத்தை அணைக்கும் 'நோ பிஜிபி ஈபிஜிபி-ரிக்வயர்ஸ்-பாலிசி' என்ற ஒற்றை வரியும் அவசரத்தில் சேவையை மீட்கத்தான் உதவும், அங்கேயே நின்றுவிடக் கூடாது. நமக்குச் சொந்தமான பிரிஃபிக்ஸ்களை மட்டும் பிரிஃபிக்ஸ்-லிஸ்ட்டில் எழுதி, அதை அண்டை ரவுட்டருக்கான 'அவுட்' பாலிசியில் கட்ட வேண்டும். வரும் பக்கத்துக்கும் ஒரு பாலிசி இருக்க வேண்டும். அதன்பின் அந்த வரியை எடுத்துவிட்டு அமர்வை கிளியர் செய்து, 'அட்வர்டைஸ்ட்-ரூட்ஸ்' பட்டியலில் நம் பிரிஃபிக்ஸ்கள் மட்டுமே இருக்கின்றனவா என்று வரிவரியாகப் பார்த்துவிட வேண்டும்.