நாற்சந்தி இல்லாத நகரம்

சீசர் 3 விளையாட்டில் ஒரு நகரம் சீரழிய எதிரிப் படை வர வேண்டியதில்லை. ஒரு நாற்சந்தி போதும். இம்ப்ரஷன்ஸ் கேம்ஸ் உருவாக்கி 1998-இல் சியரா வெளியிட்ட பழைய கணினி விளையாட்டு அது. நீங்கள் ரோமப் பேரரசின் ஆளுநர். வெற்று நிலத்தைக் காட்டி, இங்கே ஊர் கட்டு, சீசர் மனம் குளிரும்படி கட்டு என்று அனுப்பிவிடுவார்கள். கூடாரம் போட்டுக் குடியேறும் மக்கள், தேவைகள் கிடைக்கக் கிடைக்க, குடிசை, வீடு, அடுக்குமாடி, மாளிகை, அரண்மனை என்று 20 படிகள் ஏறுவார்கள். ஏற்றிவிடுவது உங்கள் வேலை. எனக்கு இதைவிடப் பிடித்த விளையாட்டு இன்றுவரை வேறு இல்லை.

நகரம் கட்டும் விளையாட்டுகள் பலவற்றில் ஒரு பள்ளிக்கூடத்தை வைத்தால் போதும், சுற்றிலும் ஒரு வட்டத்துக்குள் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் கல்வி தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். சீசர் 3-இல் அப்படியில்லை. ஆள் நடந்து வர வேண்டும். பூசாரி, மருத்துவர், நாவிதர், நடிகர், சந்தைக்காரி எல்லோரும் தங்கள் கட்டடத்திலிருந்து கிளம்பித் தெருவில் நடப்பார்கள். அவர்கள் கடந்துபோகும்போது இருபுறமும் இரண்டு கட்டத்துக்குள் இருக்கும் வீடுகளுக்கு மட்டுமே அந்தச் சேவை கிடைக்கும். இவர்களுக்குப் போகுமிடம் என்று எதுவும் மனதில் இல்லை. சந்தி வந்தால் ஏதோ ஒரு பக்கம் திரும்புவார்கள், கொஞ்ச தூரம் போவார்கள், பிறகு வீடு திரும்பிவிடுவார்கள். சாலை கிளைக்கும் இடமெல்லாம் சூதாட்டம்தான்.

வேடிக்கை என்னவென்றால், ஒரே சந்தையில் இரண்டு விதமான பெண்கள் இருக்கிறார்கள். கொள்முதலுக்குப் போகிறவள் நேரே களஞ்சியத்துக்குப் போவாள். கூடை தூக்கிக்கொண்டு சிறுவர்கள் பின்னால் வரிசையாக வருவார்கள். வழி அவளுக்கு அத்துப்படி. விற்கப் போகிறவளோ கால் போன போக்கில் போகிறவள். அவள் இரண்டு சுற்று வராமல் போனால் ஒரு தெருவே பட்டினி கிடக்கும். சந்தையில் கோதுமை குவிந்து கிடக்கும், மண்பாண்டம் கிடக்கும், ஆலிவ் எண்ணெய் கிடக்கும். ஆனால் அவள் வேறு சந்தியில் திரும்பிப் பாலைவனத்துப் பக்கம் உலாவிக்கொண்டிருப்பாள். வீடுகள் தரம் இறங்கும். வீடு சிறுத்தால் உள்ளே இருப்பவர்களில் ஒரு பகுதியினர் வெளியேற்றப்படுவார்கள். ஆள் குறைந்ததும் காவல் நிலையத்துக்கு ஆள் கிடைக்காது, பொறியாளர் வரமாட்டார். ஓரிடத்தில் தீப்பிடிக்கும், இன்னோரிடத்தில் கட்டடம் சரியும். இவ்வளவுக்கும் மூலகாரணம் எங்கோ ஒரு முனையில் தேவையில்லாமல் போட்ட கிளைச் சாலையாக இருக்கும். (இங்கே காவலரே தீயையும் அணைப்பார். வரலாற்றிலும் ஏறக்குறைய அப்படித்தான்: கி.பி. 6-இல் அகஸ்டஸ் அமைத்த விஜிலெஸ் படை ரோமில் தீயணைப்பையும் இரவு ரோந்தையும் சேர்த்தே பார்த்துக்கொண்டது.)

ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர்கள் வளையம் கட்டுவார்கள். சந்தியே இல்லாத மூடிய சாலை. அதன் உள்ளும் புறமும் வீடுகள். நடுவே சந்தை, கோயில், பள்ளி, குளியலகம். நடப்பவர் எந்தப் பக்கம் கிளம்பினாலும் செக்குமாடு மாதிரி அதே தடத்தில்தான் வந்தாக வேண்டும். வெளியுலகத்தோடு இணைக்க ஒரே ஒரு சாலை. அதன் வாயில் ஒரு கோட்டை வாசல் வைத்துவிட்டால், குறிப்பிட்ட இடத்துக்குப் போகிறவர்கள் அதைக் கடந்து போவார்கள், சுற்றித் திரிகிறவர்கள் திரும்பிவிடுவார்கள். எதிரியைத் தடுக்கச் செய்த வாசலைச் சொந்த ஊர்ப் பூசாரியைத் தடுக்கப் பயன்படுத்தினோம். சீசர் 3 வெளியான அடுத்த ஆண்டே இதே நிறுவனம் செய்த ஃபேரோ விளையாட்டில் இதற்கென்று தனியாகச் சாலைத் தடுப்பையே கொடுத்துவிட்டார்கள். ஆர்வலர்கள் பிற்காலத்தில் எழுதிய அகஸ்டஸ் என்ற திறமூல வடிவத்தில் சீசர் 3-க்கும் அது வந்துவிட்டது.

பட்டறைகளையும் கிடங்குகளையும் வளையத்துக்கு வெளியே தள்ள வேண்டும், பக்கத்தில் இருந்தால் வீடுகளின் மதிப்பு இறங்கும். ரொம்பவும் தள்ளினால் வேலைக்கு ஆள் தேடி வருபவர் கண்ணில் ஒரு வீடும் படாது. அங்கே நாலு கூடாரம் போட்டு வைக்க வேண்டியிருக்கும். அந்தக் கூடாரவாசிகளுக்கு ஒரு கிணறும் ஒரு காவலரும் தவிர நான் எதுவும் கொடுப்பதில்லை. கொடுத்தாலும் புள்ளி ஏறப்போவதில்லை.

மேல்தட்டின் கதை இன்னும் கூத்து. வீடு மாளிகையாக உயர்ந்த கணமே அதில் இருப்பவர்கள் வேலைக்குப் போவதை நிறுத்திவிடுவார்கள். வரி அள்ளிக் கொடுப்பார்கள், உண்மைதான். ஆனால் நேற்றுவரை பண்ணையில் உழுதவர் மேலே ஏற ஏற இரண்டு ரகத் திராட்சை மது கேட்பார். அதில் ஒன்று இறக்குமதிச் சரக்காக இருக்க வேண்டும். நகரம் மிக நன்றாக நடந்ததாலேயே ஆள் பற்றாக்குறையில் விழுந்ததை நான் இந்த விளையாட்டில்தான் பார்த்தேன்.

இத்தனையும் பழகிய பிறகு உண்மையான ரோமானிய நகரங்களின் வரைபடங்களைப் பார்த்தால் கை பரபரக்கும். அல்ஜீரியாவின் திம்காட், கி.பி. 100 வாக்கில் பேரரசர் திராஜன் ஓய்வுபெற்ற படைவீரர்களுக்காக நிறுவிய ஊர். சதுரங்கப் பலகை விரித்தாற்போல் தெருக்கள் குறுக்கும் நெடுக்கும் வெட்டிக்கொள்கின்றன. சந்திக்கு மேல் சந்தி. சீசர் 3-இல் அதை அப்படியே கட்டினால் ஓராண்டு தாங்காது. நிஜத்திலோ அது தாங்கியது மட்டுமல்ல, சதுரம் போதாமல் வெளியே வழிந்து, கோணல்மாணலான புறநகரங்களாக வளர்ந்தது. நூலகமும் அரங்கும் பல குளியலகங்களும் அங்கே இருந்தன. தளக்கற்களில் வண்டிச் சக்கரங்கள் தேய்த்த தடங்களை இன்றும் காணலாம்.

காரணம் எளிது. நிஜ மனிதருக்குப் போகுமிடம் தெரியும். சந்தி அவருக்குக் குழப்பமல்ல, வசதி. வசதி மட்டுமா? ரோமில் சந்திகள்தான் அக்கம்பக்கத்தின் நடுமுற்றம். அங்கே லாரெஸ் என்னும் காவல் தெய்வங்களுக்குச் சிறு கோயில் இருக்கும், ஆண்டுதோறும் கொம்பிட்டாலியா விழா நடக்கும். அகஸ்டஸ் கி.மு. 7-இல் ரோமை 14 வட்டாரங்களாகப் பிரித்தபோது அந்தச் சந்திக் கோயில்களை மையமாக வைத்தே அண்டைப்புறங்களை ஒழுங்குபடுத்தினார். முதல் நூற்றாண்டில் எழுதிய மூத்த பிளினி ரோமில் இப்படி 265 சந்திகளைக் கணக்குச் சொல்கிறார். சீசர் 3-இல் நான் கட்டியவற்றில் மிகச் சிறந்த லுக்டூனம் நகரத்தில் அப்படிப்பட்ட சந்தி ஒன்றுகூடக் கிடையாது.

திறமையான திட்டம் வாழ்பவர்களுக்குப் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் அன்றும் இருக்கவில்லை. கி.பி. 64-இல் ரோம் எரிந்த பிறகு நீரோ அகலமான தெருக்களும் உயரக் கட்டுப்பாடும் கொண்டு மறுபடி கட்டினார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பழைய குறுகிய சந்துகளும் உயர்ந்த வீடுகளுமே வெயிலுக்குப் பாதுகாப்பாக இருந்தன, இப்போது நிழலே இல்லாமல் வேகிறோம் என்று சிலர் முணுமுணுத்ததை ரோமானிய வரலாற்றாசிரியர் தாசித்தஸ் பதிவுசெய்திருக்கிறார். அந்த முணுமுணுப்பைக் கேட்கும் வசதி என் விளையாட்டில் அரைகுறையாகவே இருக்கிறது: தெருவில் போகிறவர்மேல் சொடுக்கினால் சோறில்லை, வேலையில்லை என்பார்; இந்தத் தெரு அலுத்துவிட்டது என்று ஒருவரும் சொன்னதில்லை.

புதிதாக ஆடத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதல் ஊரைத் திம்காட் மாதிரியே நாற்சந்திகளோடு கட்டிப் பாருங்கள். பூசாரி எங்கே போகிறார், சந்தைக்காரி எங்கே திரும்புகிறாள் என்று பின்னாலேயே போய்ப் பாருங்கள். ஊர் கெட்டுப் போகட்டும், பரவாயில்லை. வளையத்தை இரண்டாவது ஊரில் கட்டிக்கொள்ளலாம்.