தடாகமும் தைலமும்

புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில், 9-ஆம் நூற்றாண்டுத் தாமரைத் தடாகம் பல இடங்களில் உதிர்ந்திருத்தல் கண்டு, எஞ்சியதைத் தைலவண்ணத்தில் படியெடுக்க விழைந்தோம். தைலவண்ணம் எமக்குப் புதிது. அங்கே வண்ணத்தைத் தாங்குவது சுண்ணச் சாந்து. எம் சீலையிலோ ஆளிவிதை எண்ணெய். இவ்வெண்ணெய் நீர்போல் ஆவியாகி உலர்வதன்று; காற்றின் உயிர்வளியை ஏற்று மெல்ல இறுகுவது. எனவே அடிப்பூச்சில் டர்பன்டைனையும் மேற்பூச்சுகளில் எண்ணெயையும் மிகுத்தல் வேண்டும். முறை பிறழின், மேற்பூச்சு முந்தி இறுகி, பின்னர் வெடிக்கும். புதிதாய்ப் பழகுவோர் எண்ணெயை வாரிச் சேர்ப்பர். பளபளப்பு மயக்குகிறது போலும்! குகை வண்ணத்தில் அம்மினுக்கே இல்லை. ஆதலின் அளவறிந்தே கலந்தோம். அன்னமும் மீனும் விரைவில் அமைந்தன. உதிர்ந்த இடங்களை மட்டும் ஊகித்து நிரப்பாது, சாந்தின் நிறத்திலேயே விட்டோம்.